‘குட்’ என்று எழுதியிருந்தார்

ஜூன் 3, 2025. செவ்வாய்

இன்று சங்கரி ஒரு பெண்மணியின் கணவரைக் காலாவதியாக்கிவிட்டாள்.

சிங்கப்பூர் வாடிக்கையாளர். கணவர் இறந்துவிட்டார், சொல்லியிருந்த புடவை இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார். கடையின் வாட்ஸ்அப் சங்கரியிடம் இருக்கிறது. இருபத்து நான்கு வயது, பி.காம்., விரல்கள் மட்டும் வேகம். அவள் தட்டிவிட்ட பதில்: ‘சாரி டு ஹியர் யுவர் ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட் மேம். நோ ப்ராப்ளம்.’ கூடவே கும்பிடும் கைகள் படம் இரண்டு.

‘எக்ஸ்பயர்ட்’ மாத்திரை அட்டையில் போடுவது. பால் பாக்கெட்டில் போடுவது. மனிதனுக்கு ‘பாஸ்ட் அவே’. நெருங்கிய சொந்தமென்றால் செத்தார், ‘டைட்’, என்று நேராகச் சொல்லலாம், தவறில்லை. அப்புறம் அந்த ‘நோ ப்ராப்ளம்’. யாருக்குப் பிரச்சினை இல்லை? செத்தவருக்கா?

கேட்டேன். “எல்லாரும் அப்டித்தான் சார் போட்றாங்க” என்றாள். எல்லாரும். இந்த ஊரில் இலக்கணம் எழுதுகிறவர் பெயர் அதுதான்.

நானே ஒரு மடல் எழுதி அனுப்பினேன். நான்கு வரி. துக்கத்துக்குத் தகுந்த துணியில் தைத்தது போல. சங்கரி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புரிந்திருக்காது.

ஜூன் 5, வியாழன்

காந்தி ரோட்டில் புதிதாக ஒரு கடை. ‘ஜெனுயின் சில்க்’ என்று எழுத வந்தவன் ‘ஜென்டில் சில்க்’ என்று பலகை மாட்டியிருக்கிறான். சாந்தமான பட்டு. கடிக்காது போலிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

கனடாவிலிருந்து ஓர் ஆர்டர். அமுதா என்று பெயர். பெயரில் மட்டும்தான் தமிழ். இரண்டு வயதில் போனவராம், தமிழில் ஒரு வார்த்தை வராதாம். வருவது ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

‘ஹாய் தேர்’ என்று ஆரம்பம். அங்கே என்றால் எங்கே? ‘கைண்டா’, ‘சூப்பர் எக்ஸைட்டட்’, ஒரு பத்திக்கு நான்கு ஆச்சரியக்குறி. தன் கல்யாணத்துக்குத் தானே புடவை வாங்குகிறார். வயது ஐம்பத்து நான்கு. இரண்டாம் கல்யாணம். பதிவு அலுவலகத்தில், இருபது பேர் முன்னால். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? முன்பின் தெரியாத புடவைக் கடைக்காரனிடம் இப்படிக் கொட்டுகிறவர் பக்கத்து வீட்டில் என்னவெல்லாம் சொல்வாரோ. விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. அரக்கு நிறம், பச்சைக் கரை. செப்டம்பர் பதின்மூன்று கல்யாணம்.

நான் எழுதினேன்: ‘ரெஸ்பெக்டட் மேடம், வி ஆர் இன் ரிசீப்ட் ஆஃப் யுவர் எஸ்டீம்ட் ஆர்டர்.’ இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கடையின் ஆங்கிலக் கடிதங்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. வெளுத்து மடித்த வேட்டி மாதிரி இருக்கும். புடவையின் உடல் முழுக்க ஜரிகையில் சின்னச் சின்ன உருவமாகப் புட்டா போடலாமா என்றும் கேட்டேன். ‘ஷல் வி எம்பெல்லிஷ் தி பாடி வித் ஸரி மோட்டிஃப்ஸ்?’

சங்கரி எட்டிப் பார்த்தாள். “எம்பெல்லிஷ் எதுக்கு சார்? ஆட்னு போட்டா போதாதா?”

“உனக்குப் போதும்” என்றேன்.

ஜூன் 11, புதன்

கனடாவிலிருந்து பதில். ‘ஓ, ஐம் குட், தேங்க்ஸ்.’ அவ்வளவுதான். கீழே முழுப் பெயர்கூட இல்லை. ஒற்றை எழுத்து, ‘ஏ’.

நான் உடல்நலமா விசாரித்தேன்? விசாரித்திருந்தாலும் ‘ஐ ஆம் வெல்’ என்பதல்லவா முறை. ‘ஐ ஆம் குட்’ என்றால் நான் நல்லவள் என்று பொருள். இருக்கட்டும், மகிழ்ச்சி. புட்டாவைப் பற்றிக் கேட்டால் ‘இட் இஸ் குட்’ என்று எழுத வேண்டும். தனக்கும் புடவைக்கும் வித்தியாசம் தெரியாத ஓர் ஆங்கிலம். ஐம்பது வருஷமாக அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறார். மீன் தண்ணீரில் இருப்பது மாதிரி. மீனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?

சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

பிள்ளையார்பாளையம் போனேன். ஏலவார்குழலிக்குப் பாவு நூல் கொடுத்து வேலையைச் சொல்ல. பதினோரு வருஷமாக எங்கள் கடைக்கு நெய்கிறவள். கணவன் மாணிக்கவேல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சீட்டில் நிறமும் கரையும் மட்டும்தான் எழுதுவோம். மற்றதெல்லாம் வாய்ச்சொல்.

“உடல் முழுக்க மாங்காய் புட்டா. ரெண்டு விரல் இடைவெளி விடு” என்றேன்.

“போன புடவையோட டிசைன் அட்டை தறியிலதான் சார் இருக்குது. அதே மாங்கா. அதையே ஓட்டிடறேன். சின்னப் பொண்ணா?”

“அம்பத்து நாலு வயசு.”

“அந்த வயசுக்கு இவ்ளோ நெருக்கமாவா சார்? ஒடம்பெல்லாம் ஜரிகைய அப்பி வச்சாப்ல இருக்குமே.”

“அவங்க இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. சொன்னத நெய்” என்றேன்.

நெய்கிறவளுக்கு ஒரு கருத்து, தட்டுகிறவளுக்கு ஒரு கருத்து. கருத்தில்லாத இடமென்று இந்த ஊரில் ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் ஒன்றுதான் மிச்சம்.

ஜூன் 22, ஞாயிறு

தங்கை மகன் அபினவ் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. என்னையும் என் மனைவி மனோன்மணியையும் பார்த்து ‘ஹாய் கைஸ்’ என்றான். ‘கைஸ்’ என்றால் பையன்கள். ஐம்பத்தாறு வயதில் நான் பையன், ஐம்பது வயதில் அவள் பையன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் ‘ஆக்சுவலி’ என்றான். அது எதற்கு என்றும் கேட்டேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற வீடு இது. அவன் பாதித் தட்டில் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

மனோன்மணி தட்டை எடுத்தபடி சொன்னாள்: “தண்ணியில இருக்குற பூச்சி செத்துடும்னு வடிகட்டிக் குடிக்கிறோம். வாயால அடிச்சா அது ஜீவஹிம்சையில வராதா?”

திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் வீட்டுப் பெண்களுக்கு தர்மம் சொல்ல வேளை கிடைத்தால் போதும்.

ஜூலை 18, வெள்ளி

புடவை வந்தது. பிரித்துப் போட்டு ஒரு மணி நேரம் குறை தேடினேன். கிடைக்கவில்லை. புட்டா ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. ஏலவார்குழலி எதிரில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். “முப்பது நாளு சார். கண்ணு பூத்துப்போச்சு.”

“ம்” என்றேன். பாராட்டினால் தலைக்கு ஏறும்.

ஜூலை 21, திங்கள்

கனடாப் புடவை அனுப்பியாயிற்று. உடன் ஒரு கடிதம். ‘வி டிரஸ்ட் தி ஸேம் வில் மீட் வித் யுவர் அப்ரூவல்.’ நல்ல வாக்கியம். அந்த அம்மாளுக்கு வீண்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கனடாவிலிருந்து மடல். புடவை கிடைத்ததாம், அழகாக இருக்கிறதாம். ஆனால் ‘ஐ திங்க் தேர்ஸ் பீன் எ பிட் ஆஃப் எ மிக்ஸ்-அப்.’ அவர் வெறும் உடல்தான் கேட்டாராம். புட்டா வேண்டாமென்று சொன்னாராம்.

கொஞ்சம் குழப்பமாம். குழப்பத்தில் கொஞ்சம் என்ன, நிறைய என்ன? மனம் மாறிவிட்டது, அதைச் சொல்ல நாணயம் இல்லை. எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டு எழுத்திலேயே மறுக்கிறார்.

எப்படி மறுப்பது என்று மூன்று வழி யோசித்தேன். ‘யூ ஆர் மிஸ்டேக்கன்’ என்பது நேரடி அடி, கீழ்த்தரம். ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்பது மரியாதை என்று சொல்லிக்கொண்டே மரியாதையை உருவிக்கொள்வது. ‘வி பெக் டு டிஃபர்’ என்பது கையைக் கட்டிக்கொண்டு நின்று கன்னத்தில் அறைவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அவருடைய ‘ஐம் குட்’ மடலையும் சாட்சியாக இணைத்தேன்.

நல்ல நாள். அடைதோசை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. ‘ஐம் குட்’ என்றால் ‘நோ, தேங்க்ஸ்’ என்று பொருளாம். தெளிவாக எழுதாதது தன் பிழைதானாம். ‘ஐம் ஸோ சாரி.’

நம்பவில்லை. என் அகராதியை எடுத்துப் பார்த்தேன். கல்லூரியில் ஆங்கிலத்துக்குப் பரிசாகக் கொடுத்தது. அதில் ‘குட்’ என்ற சொல்லுக்கு நான்கு பக்கம் இருக்கிறது. இந்தப் பொருள் இல்லை. எனவே —

எனவே என்ன? அகராதி என் இருபதாவது வயதில் அச்சானது.

மதியம், வேறெதையோ கேட்பது போல, சங்கரியிடம் கேட்டேன். “ஐம் குட்னா என்ன?”

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வேணாம்னு அர்த்தம் சார். இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமான்னு கேப்பாங்க. ஐம் குட்னா போதும், வேணாம்னு. இங்கிலீஷ் சீரியல்ல வருமே. ஏன் சார்?”

“சும்மா.”

பி.காம். சீரியல் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் எம்.ஏ., இருபத்திரண்டு வருஷம், நான்கு பக்கம் ‘குட்’.

தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முதலாளி வெங்கடேசன் உள்ளே கூப்பிட்டார். இவருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும். கனடா அம்மாள் கடை எண்ணுக்கே பேசியிருக்கிறார். யாரோ எடுத்து, யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“அனுப்பும்போது யாரும் பாக்கலியா?” என்றார்.

“பழுது இருக்கான்னு பார்ப்பாங்க. புட்டா வேணுமா வேணாமான்னு பேக்கிங்ல எப்படித் தெரியும்?”

“அப்ப யாரு தப்பு நயினாரே?”

ஆங்கிலத்தில் எனக்கு இதற்கு ஐந்து சொற்கள் தெரியும். ‘எரர்’, ‘மிஸ்டேக்’, ‘லாப்ஸ்’, ‘ஓவர்சைட்’, ‘நெக்ளிஜன்ஸ்’. ஒவ்வொன்றுக்கும் கனம் வேறு. தமிழில் ஒரே சொல் போதும்: நான்தான்.

நான் சொன்னது: “ஏலவார்குழலி தறியில போன புடவையோட அட்டை இருந்துச்சு. மாத்தாம அதையே ஓட்டிட்டா.”

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அட்டை இருந்தது. மாற்றவில்லை. ஓட்டினாள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தம்.

“இத்தினி வருஷமா நெய்றவ. இப்டிப் பண்ணா? இனிமே அவளுக்குப் பாவு குடுக்காதீங்க” என்றார்.

சரி என்றேன். உடனே சொன்னேன். தாமதிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கனடாவுக்கு எழுத வேண்டும். ‘சாரி’, ‘அப்பாலஜைஸ்’, ‘ரிக்ரெட்’. வகுப்பெடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். ‘சாரி’ பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்வது. ‘அப்பாலஜைஸ்’ குற்றத்தை ஏற்றுக்கொண்டு குனிவது. ‘ரிக்ரெட்’ மழை பெய்ததற்காக வருந்துவது. வருத்தம் உண்டு, பெய்தது நான் இல்லை.

எழுதினேன்: ‘இட் இஸ் ரிக்ரெட்டபிள் தட் அன் எரர் ஒக்கர்ட் அட் தி வீவர்ஸ் எண்ட்.’ நெய்தவர் பக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தது வருந்தத்தக்கது. இந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. யாரும் எதுவும் செய்யவில்லை, பிழை தானாக வந்து உட்கார்ந்தது. அரசாங்கத்தில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

சங்கரி திரையைப் பார்த்தாள். “வீவர் எண்ட்லயா சார்?”

“ஆமா.”

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காதது அதைவிட மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்தாள்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஏலவார்குழலி முதலாளி மேஜைக்கு எதிரில் நின்று நிதானமாகக் கேட்டாள். “பாவு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்.”

முதலாளி என்னைக் காட்டினார். “வெறும் உடல் சொன்னாரு. நீ புட்டா போட்டுட்ட.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்கதான மாங்கா புட்டா சொன்னீங்க. ரெண்டு விரல் கணக்குகூட சொன்னீங்க. நெருக்கமா இருக்குமேன்னு நான் கேட்டேன்.”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா” என்றேன். வாய் தானாகச் சொன்னது. நான் எழுதும் வாக்கியங்களைப் போல, ஆளில்லாமல்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அந்தம்மா இங்கிலீஷ்ல சொன்னது உங்களுக்கு எப்டிப் புரிஞ்சிதோ, எனக்குத் தெரியாது சார். நீங்க எங்கிட்ட தமிழ்லதான சொன்னீங்க. அதுல கூடவா ரெண்டு அர்த்தம்?”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சங்கரி கௌண்டரில் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கனடா பதில். ‘ப்ளீஸ் டோன்ட் பி ஹார்ட் ஆன் தி வீவர். திஸ் ஒன்ஸ் ஆன் மீ.’ நெய்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், இது என் மேல். தான் அசட்டையாக எழுதியதால் வந்ததாம். நெய்தவருடைய பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். வேலை அவ்வளவு நன்றாக இருக்கிறதாம், அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

வழக்கம்போல இலக்கணப் பிழை தேடினேன். இரண்டு இருந்தன. இகழ வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். மனோன்மணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இல்லியே” என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாம். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். தர்மம் எதுவும் சொல்லவில்லை. திட்டினால் பதில் வைத்திருந்தேன்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். “அவ கூட்டத்துல கேட்டப்ப, நெஜமாவே ஞாபகம் இல்லியா?”

“இருந்துச்சு.”

“ம்” என்றாள்.

அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். நான் போடுகிற ‘ம்’ அது. எதிரில் நிற்பவன் எவ்வளவு சின்னவன் என்று காட்டுகிற ‘ம்’. இத்தனை வருஷம் அதை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன்? கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளுக்கு — முப்பது நாள் நெய்தவளுக்கு — ஒரு ‘நல்லா இருக்குது’ சொன்னா என்ன கொறைஞ்சிருக்கும்? எவன் தலையில ஏறியிருக்கும்? ஏறின தலை என்னுதுதான?

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன், அவள் சொன்னதைத்தான் நெய்தாள் என்று. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு நாள் சுமந்தது.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். “விடுங்க நயினாரே. யாரு தப்பா இருந்தா இன்னா, புடவ போயாச்சி. அவளுக்குக் குடுக்க இருந்த வேலயும் வேற தறிக்குக் குடுத்தாச்சி.”

“அவளுக்குத் திரும்பப் பாவு கொடுக்கணும்.”

“வந்தா குடுங்க. நான் வேணாம்னு சொல்லல.” பிறகு, பேனாவை மூடியபடி, “இனிமே வெளிநாட்டு மெயிலெல்லாம் சங்கரி பாக்கட்டும். நீங்க புடவ சரிபாத்து அனுப்புறதப் பாருங்க” என்றார்.

அவருக்கு இரண்டும் ஒரே எடை. ஒருத்தியின் பெயர் போனதும், ஒரு மேஜை மாறியதும். என்னைத் தண்டிக்கக்கூட அவருக்கு ஆர்வமில்லை. அவரை இகழலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் என் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான். நம்பத் தகாததைச் சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிள்ளையார்பாளையம். வாசலில் மாணிக்கவேல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, “உன் கடைக்காரரு வந்துருக்காரு” என்றான்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. நீலப் பாவு. எங்கள் கடையுடையது இல்லை.

வழியெல்லாம் சொல்லைத் தேடிக்கொண்டு போனேன். ‘மன்னிக்கவும்’ என்பது பலகையில் எழுதுவது, லிஃப்ட் பழுது, மன்னிக்கவும். ‘வருந்துகிறேன்’ என்பது அதே ‘ரிக்ரெட்’தான், சேலை கட்டியது. ‘மன்னிச்சிடும்மா’ என்றால் மேலேயிருந்து கீழே போடுவது போல. ஆங்கிலத்தில் தரம் பிரிக்கத் தெரிந்த எனக்கு என் சொந்த மொழியில் ஒன்று அகப்படவில்லை.

“தப்பு என்னுதுங்க” என்றேன். “நான்தான் புட்டா சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னேன். மொதலாளிகிட்ட நேத்து சொல்லிட்டேன். உங்களுக்குப் பாவு —”

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. “இன்னா சார் புதுசா. பதினோரு வருஷமா வா, போன்னுதான கூப்டுவீங்க. இப்ப நீங்க, நாங்க.”

நான் அந்த நீலப் பாவைப் பார்த்தேன்.

“உங்க கடப் பாவு வேணாம் சார். இது கூட்டுறவு சொசைட்டிக்கு நெய்றது. மொதலாளிகிட்ட நீங்க சொன்னது கூட எனக்கு அவ்ளோ பெரிசில்ல. அவரு நாளைக்கே மறந்துடுவாரு.” அறுந்த இழை ஒன்றை முடிந்தாள். “அந்தம்மாக்கு எழுதுங்க. பேரு தெரியாத ஊர்ல ஒருத்தி, நான் தப்பா நெய்ஞ்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கா. அவங்க கல்யாணத்துக்கு.”

“எழுதறேன்.”

“என் பேரு போட்டு எழுதுங்க.”

“எழுதறேன்.”

“முழுப் பேரு. குழலின்னு சுருக்காதீங்க.”

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

‘டியர் அமுதா’ என்று தொடங்கினேன். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று எழுத விரல் போனது, நிறுத்தினேன்.

உங்கள் புடவையை நெய்தவர் பெயர் ஏலவார்குழலி. நான் சொன்னதை அவர் அப்படியே நெய்தார். உங்கள் பதிலைத் தவறாகப் புரிந்துகொண்டவன் நான். இவ்வளவும் சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்தன. அடுத்தது: ‘ஐ இன்ஃபார்ம்ட் மை எம்ப்ளாயர் அதர்வைஸ்.’ கடைசியில் ‘ஐ ஆம் சாரி.’ பஸ்ஸில் சொல்கிற அதே ‘சாரி’. அதைவிடப் பெரியதாக ஒன்றும் பொருந்தவில்லை.

மடல் இப்போது சங்கரியின் வேலை. அவளிடம்தான் காட்ட வேண்டும். காட்டினேன்.

மெதுவாகப் படித்தாள். “இன்ஃபார்ம்ட் அதர்வைஸ்னா, வேற மாதிரி சொன்னேன்னா சார்?”

“ஆமா.”

“வேற மாதிரின்னா... பொய்யா?”

“ஆமா.”

“அப்ப பொய் சொன்னேன்னு, ‘லைட்’னே போட்டுடலாமே சார்.”

குரலில் குத்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே அந்தச் சொல் அங்கே பொருந்தும் என்று நினைத்துத்தான் சொன்னாள். பொருந்தியது. நான்கு சொல்லை அடித்துவிட்டு ஒரு சொல் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் வாக்கியத்தை ஒருவர் திருத்தியது இதுதான் முதல் தடவை. திருத்தம் சரி.

அனுப்பினாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கனடா: ‘தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ.’ ஆச்சரியக்குறி இல்லை. முற்றுப்புள்ளி.

இது நன்றியா, கதவைச் சாத்துவதா? தெரியவில்லை. எனக்குரியது இவ்வளவுதான் என்று மட்டும் தெரிகிறது.

ஏலவார்குழலிக்குத் தனியாக ஒரு மடல் வந்திருந்தது. சங்கரி அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனாள். என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அந்த அம்மாளின் கல்யாணம் முடிந்ததாம். வீட்டில் இருந்த ஒரு பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டாராம். எங்கள் புடவை பெட்டியில் இருக்கிறது. சங்கரி சொன்னாள். நான் புடவைகளைப் பிரித்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சீட்டில் எல்லாம் எழுதுகிறோம், புட்டா உட்பட. நான் கேட்டுக்கொண்டதால் முதலாளி ஒத்துக்கொண்டார்.

முப்பது நாள் ஒருத்தி நெய்தது, ஒருத்தி ஆசையாகக் கேட்டது, கடைசியில் யாரும் கட்டவில்லை.

செப்டம்பர் 24, புதன்

மதியம் சங்கரி மடிக்கணினியை என் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலேசியாவில் ஒரு வாடிக்கையாளர். புடவை போய்ச் சேர ஒரு வாரம் தாமதம். இவள் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு, ‘இட்ஸ் ஃபைன்’ என்று மட்டும் பதில்.

“கோவமா இருக்காங்களா சார்? இல்ல நெஜமாவே பரவால்லன்றாங்களா?”

மூன்று தரம் படித்தேன். அதற்கு முன் வந்த மடல்களையும் படித்தேன்.

“தெரியலம்மா” என்றேன்.

சங்கரி ஒரு ஸ்டூலை இழுத்து என் மேஜை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப அவங்களையே கேட்டு எழுதலாம் சார். நான் சொல்றேன், எங்கனா தப்பா வந்தா நிறுத்துங்க” என்றாள்.

அவள் சொன்னாள். நான் தட்டினேன். நிறுத்த வேண்டியிருக்கவில்லை.